நாங்கள் பார்ட்னர் ஆன கதை

அன்று ஆபீசில் கேக் வெட்டினோம். எதற்கு வெட்டினோம் என்பது எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை.

காஞ்சிபுரத்தில் மேட்டுத் தெருப் பக்கம் ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் கிளை இருந்தது. வீடுகளில் குடிதண்ணீருக்கு மாட்டுகிற ஆர்.ஓ. மெஷினை விற்று, அது பழுதானால் ஆள் அனுப்பிச் சரிசெய்து கொடுக்கிற கம்பெனி. நான் அங்கே போன் எடுக்கிற பெண். அடையாள அட்டையில் சர்வீஸ் கோஆர்டினேட்டர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. வேலை என்னவோ எளிதுதான். யாராவது கூப்பிட்டு, "தண்ணி உப்பா இருக்குதுமா", "மெஷின் சொட்டிக்கினே இருக்குது" என்பார்கள். எந்தத் தெரு என்று கேட்டு, அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் டெக்னீஷியனுக்குப் போன் போட்டுச் சொல்வேன். கொஞ்ச நாளில் குரலைக் கேட்டாலே வீடு தெரிந்துவிடும். ஓரிக்கையில் ஒரு அம்மாவுக்கு எப்போதும் மெஷினில் ஏதோ வாடை வரும். பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் மோட்டார் ஓடுகிற சத்தத்தைப் போனிலேயே எனக்குக் கேட்க வைப்பார்.

அன்று மத்தியானம் டெக்னீஷியன்கள் எல்லாரையும் மேனேஜர் ஆபீசுக்கு வரச் சொன்னார். மேஜையில் கேக். அதன்மேல் வெள்ளை எழுத்தில் வெல்கம் பார்ட்னர்ஸ் என்று எழுதியிருந்தது. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

"ஒரு நல்ல சேதி," என்றார் மேனேஜர். "இன்னைல இருந்து நீங்க யாரும் ஸ்டாஃப் இல்ல. பார்ட்னர்."

யாரோ கைதட்டினார்கள். தட்டியவரே பாதியில் நிறுத்திவிட்டார்.

மேனேஜர் விளக்கினார். கம்பெனி இனிமேல் மெஷின் மட்டும்தான் விற்கும். பழுது பார்க்கிற வேலையை ஒரு ஆப்காரர்களிடம் கொடுத்துவிட்டது. வீட்டுக்காரர்கள் ஆப்பில் பதிவு செய்வார்கள். பக்கத்தில் இருக்கிற டெக்னீஷியனின் போனில் மணி அடிக்கும். எடுத்தால் வேலை அவருக்கு.

"அப்ப எங்க வேலை போச்சா சார்?" என்றார் ஒருவர்.

"யாருப்பா சொன்னது? அதே வீடு, அதே மெஷின், அதே ஸ்பேனர். கம்பெனியில இல்ல, ஆப்ல இருக்கீங்க. அவ்ளோதான்."

"சம்பளம்?"

"சம்பளம்னு கெடையாது. செய்ற வேலைக்குத் தக்கபடி."

எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஒலிமுகமதுபேட்டைக்காரர். அவருடைய வீட்டில் மற்ற எல்லாரும் ஜரிகை வியாபாரம் பார்த்தவர்கள்; இவர் மட்டும் சின்ன வயதிலேயே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையைத் தூக்கினார்.

"லீவு வேணும்னா யாராண்ட சொல்றது சார்?"

"லீவே சொல்ல வேணாம் பாய். ஆப்பை ஆஃப் பண்ணா லீவு, ஆன் பண்ணா டூட்டி. நீங்களே முதலாளி."

பாய் தூக்கிய கையை இறக்கவில்லை. "தப்பு பண்ணா யாரு சார் திட்டுவாங்க?"

மேனேஜர் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். பிறகு கேக்கை வெட்டச் சொல்லிக் கத்தியைப் பாயின் கையிலேயே கொடுத்தார். பாய் கேக்கைப் பார்த்து, எங்களைப் பார்த்து, மறுபடியும் கேக்கைப் பார்த்துவிட்டு வெட்டினார். எனக்குக் கொடுத்த துண்டில் பார்ட்னர்ஸின் பாதி இருந்தது.

அந்த வாரம் முழுக்க என் மேஜையைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொருவர் போனிலும் ஆப்பை ஏற்றிக் கொடுத்தது நான்தான். ஆதார், பேங்க் பாஸ்புக், வண்டி லைசென்ஸ் எல்லாவற்றையும் போட்டோ பிடித்து ஏற்ற வேண்டும். அப்புறம் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டி, இடது பக்கமும் வலது பக்கமும் திரும்ப வேண்டும். பாயின் முகத்தை ஆப் ஏற்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார், வெளிச்சம் வரட்டும் என்று மாடிப்படியில் போய் நின்றார். கடைசியில் நான் ஒரு வெள்ளை வேட்டியை அவருக்குப் பின்னால் விரித்துப் பிடித்தபோதுதான் பச்சை டிக் வந்தது. "கல்யாணத்துக்குக்கூட நான் இவ்ளோ போட்டோ எடுக்கலைமா" என்றார்.

எனக்கு அந்த வாரம் சந்தோஷமாகவே இருந்தது. எல்லாருக்கும் உபயோகமாக இருக்கிறேன் என்ற நினைப்பு. எல்லாரும் ஆப்பில் ஏறிவிட்டால் என் மேஜைக்குப் போன் வராது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுவாரத்திலிருந்து போன் அடிப்பது குறைந்தது. லைன் பழுதோ என்று என் செல்லிலிருந்து ஆபீஸ் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். மணி நன்றாகவே அடித்தது. எடுத்து, "ஹலோ" என்றேன். என் குரலே என் காதில் கேட்டது. வைத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கேக் வெட்டிய அன்றைய களை இல்லை.

"லைனை கட் பண்றாங்கமா."

"அப்ப நான் சார்?"

"அதான் சொல்றேன்ல, லைனை கட் பண்றாங்க."

"எனக்கு ஆப் இல்லையா சார்?"

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது மனசாரத்தான் கேட்டேன். எல்லாருக்கும் ஒன்று கொடுத்தார்களே, எனக்கும் ஒன்று இருக்கும் என்று.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவர். எதையும் நேராகக் கேட்கிற ஆள்.

"உன்ன நிறுத்திட்டாங்களா, நீயா நின்னுட்டியா?"

"ரெண்டும் இல்ல. லைனை நிறுத்திட்டாங்க."

"அப்ப உன்ன நிறுத்தலை."

"இல்ல."

"நாளைக்கு வேலைக்குப் போவியா?"

"இல்ல."

அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் வந்தால் யார்மேல் காட்டுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மேனேஜர் நல்லவர். கம்பெனி எங்கோ பம்பாயில். ஆப்காரர்களை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் கூரத்தில் அம்மா வீட்டுக்கும் ஓரிக்கையில் எங்கள் வாடகை வீட்டுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். அம்மா ஊரில் எல்லாரிடமும் எனக்கு லீவு என்று சொல்லிவைத்திருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பழைய மேனேஜர்தான் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். அதே ஆப்காரர்களுக்குத் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே செய்யலாம். டெக்னீஷியன்கள் ஆப்பில் ஏதாவது சந்தேகம் கேட்டு எழுதினால் பதில் எழுத வேண்டும். தமிழ்நாடு முழுக்க எழுதுவார்கள். ஒரு பரீட்சை வைத்தார்கள், எழுதினேன். பாஸ் என்று வந்தது. யாரும் என்னோடு பேசவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வந்த மெயிலில் இப்படித்தான் இருந்தது: எங்கள் பார்ட்னராக இணைந்ததற்கு வாழ்த்துகள்.

ஆக, கேள்வி கேட்பவர்களும் பார்ட்னர், பதில் சொல்கிற நானும் பார்ட்னர்.

என் பெயரில் நான் எழுதக் கூடாது. திரையில் எனக்கு ஒரு வடநாட்டுப் பெண்ணின் பெயர் வந்தது. படமும் இருந்தது, காதில் சின்னத் தோடு போட்டுச் சிரிக்கிற ஒரு பெண். பதில்களும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 'உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்.' 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' 'வேறு ஏதேனும் உதவி தேவையா?' கேள்விக்கு ஏற்றதை அழுத்த வேண்டும். அதிகம் கையால் தட்டெழுதினால் மார்க் குறையும். ஒரு பேச்சை ரொம்ப நேரம் இழுத்தாலும் குறையும். முடிந்ததும் எதிரில் இருப்பவர் நட்சத்திரம் போடுவார். அந்த நட்சத்திரத்தை வைத்துத்தான் அடுத்த நாள் எனக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது.

காலையில் சமையலை முடித்துவிட்டு, வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போனதும் லேப்டாப்பைத் திறப்பேன். திருநெல்வேலிக்காரர் ஒருவர், அடுத்து ஓசூர்க்காரர், அடுத்து சிதம்பரம். முதலில் பதில்களை அழுத்த விரல் கூசியது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதும் எனக்குச் சரியாகப் புரியாத விஷயம்தான். நான் போனில் பேசியபோது ஒரு ஆளுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், அன்றைக்குள் வந்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவேன். இங்கே யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. சாட் பெட்டி மூடிவிடும். அடுத்த பெட்டி திறக்கும்.

அந்த வருஷம் வைகாசியில் கருட சேவை முடிந்த மறுநாள் ஒரு பெட்டி திறந்தது.

"மேடம், என் ஐடி பிளாக் ஆயிருச்சி" என்று இருந்தது. தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில்.

வழக்கமான முதல் பதிலை அழுத்தினேன். "வணக்கம். உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். விவரம் சொல்லவும்."

"நேத்து கருட சேவை மேடம். காந்தி ரோடு ஃபுல்லா ஜனம். பெருமாள் வர்ற வழி, வண்டியே விடல. அந்தப் பக்கம் மூணு கம்ப்ளைன்ட் கொடுத்தீங்க. போவ முடியல. கேன்சல் பண்ணேன். இன்னிக்கி காலைல பாத்தா பிளாக்."

என் கை நின்றுவிட்டது. எங்கள் ஊர். எங்கள் ஊரில் கருட சேவையன்று யாரும் ஆர்.ஓ. மெஷினுக்காக ஆளைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் கூப்பிடுவார்கள் போல. நான் மேஜையில் இருந்தவரை அந்த நாளில் சின்ன காஞ்சிபுரம் பக்கம் ஒருவரையும் அனுப்ப மாட்டேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஊர்க்காரி என்பதால் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்த வரி வந்தது. "முன்ன எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருந்துச்சி. அது கிட்ட சொன்னா புரியும். உங்களுக்கு எப்டி சொல்றதுன்னு தெரியல மேடம்."

பாய்.

பெயரைப் பார்க்க முடியாது, ஐடி நம்பர் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் ஆபீசில் இப்படிப் பேசுகிறவர் பாய் ஒருவர்தான். திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 'பாய், நான்தான்' என்று எழுதலாமா என்று நினைத்தேன். அப்படி எழுதினால் யார் படிப்பார்கள், என்ன ஆகும் என்று தெரியவில்லை. விரல் தானாகப் பழகிய இடத்துக்குப் போனது.

"உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

"இந்த உதவியே இன்னும் பண்ணலையே மேடம்."

மேல் குழுவுக்கு அனுப்பவும் என்று ஒரு பட்டன் உண்டு. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை அழுத்தினேன். குறிப்பு எழுதும் இடத்தில், இது ஊர்த் திருவிழா, அன்று ஊருக்குள் வண்டிகளே ஓடாது, இவர் மேல் தப்பில்லை என்று கையால் தட்டினேன். பேச்சு முடிந்தது. ஒரு நொடியில் நட்சத்திரம் வந்தது. பாய் எனக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்.

லேப்டாப்பை மூடிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். நான் ஆபீசை விட்டு வந்த பிறகு ஒரே ஒருமுறை பேசியிருந்தோம்.

"சொல்லுமா. எவ்ளோ நாளாச்சி. நல்லா கீறியா?" உற்சாகமாகத்தான் எடுத்தார்.

"பாய், இப்ப சாட்ல பேசுனது நான்தான்."

"எந்த சாட்?"

"ஐடி பிளாக் ஆச்சின்னு எழுதுனீங்கல்ல."

பின்னால் ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது வேற பொண்ணும்மா. வடக்கத்திப் பொண்ணு. போட்டோகூட இருந்துச்சே."

"அது நான்தான் பாய்."

"அப்ப நீ கம்பெனியிலதான் கீறியா?"

"இல்ல பாய்."

"ஆப்காரங்ககிட்டயா?"

"அங்கயும் இல்ல. வீட்லதான் இருக்கேன்."

"பின்ன எப்டிமா நீ?" என்றார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வேறு எதையோ நினைத்துக்கொண்டு, "அடடா, ஒரு ஸ்டார் போட்டுட்டேனேமா. அத மாத்த முடியுமா?" என்றார்.

மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டுக்காரருக்கு அன்று வாரவிடுமுறை. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"நீங்கதான் ஆப்பை ஆஃப் பண்ணி வெச்சிருக்கலாமே பாய், அன்னைக்கி?" என்று கேட்டேன்.

"அதுக்கு முந்தி ரெண்டு நாள் ஜுரம். ஆஃப் பண்ணித்தான் வெச்சிருந்தேன். இன்னும் ஆஃப் பண்ணா வேலை குடுக்க மாட்டாங்கன்னு பசங்க சொன்னாங்க. நெஜமாமா அது?"

"தெரியல பாய்."

"நீ அங்க இருக்கியே."

"எனக்கும் தெரியாது பாய்."

அவருடைய போனிலிருந்து மறுபடி ஒரு சாட் திறக்கலாம் என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். எதை எப்படி எழுதினால் எந்தப் பதில் வரும் என்று எனக்குத்தானே தெரியும். நான் சொல்லச் சொல்ல பாய் தட்டினார். எதிரில் ஒரு பெயர் வந்தது. அதே வடநாட்டுப் பெயர். அதே தோடு, அதே சிரிப்பு.

பாய் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இதுவும் நீதானாமா?"

"நான் இங்கதானே பாய் உக்காந்திருக்கேன்."

அவர் என் லேப்டாப்பைப் பார்த்தார். அது மூடியிருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து அதைத் திறந்துவேறு பார்த்தார். அந்தப் பெயரில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எனக்குக் கொடுத்த பெயர், அதனால் என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

பதில்கள் வந்தன. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பதில்கள். பாய் ஒரு வரி தட்டுவதற்குள் அடுத்து என்ன வரும் என்று நான் வாயால் சொல்வேன், அதுவே வரும். என் வீட்டுக்காரருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு இல்லை. போனை வாங்கி நானே எழுதினேன்: "நானும் உங்களை மாதிரி இதே வேலை செய்ற பொண்ணுதான். உங்க கஷ்டம் புரியுது. இவர் நல்லவர். ஏதாவது பண்ண முடியுமா?"

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. எதிரில் அவளுக்கும் திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு, "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று வந்தது. அடுத்து, பேச்சு மூடுவதற்கு முன்னால், கையால் தட்டிய இரண்டே சொற்கள்.

"சாரி அக்கா."

"அக்கான்னு போட்டிருக்கா," என்றார் பாய். அதை என் வீட்டுக்காரரிடமும் காட்டினார். நட்சத்திரம் கேட்டபோது முழுசாகப் போட்டார்.

இனி பழைய மேனேஜரைப் பார்ப்பது ஒன்றுதான் வழி என்று எங்களுக்குத் தோன்றியது. அவருக்கு மேலே யாரையாவது தெரிந்திருக்கும். போன் செய்தால் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் அடிக்கடி பார்த்ததாக ஒருவர் சொன்னார். மறுநாள் காலையில் பாயும் நானும் போனோம்.

நிஜமாகவே அங்கே இருந்தார். ஒரு பெரிய குடை, மடக்கு மேஜை, பின்னால் ஆப்பின் பேனர். 'பார்ட்னராக வாருங்கள்' என்று எழுதியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நோட்டீஸ்களை மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ சொன்னார்.

"சார், நீங்க கம்பெனியில இல்லையா?" என்று கேட்டேன்.

"நீ வேலைய விட்டு நின்ன மாசத்துக்கு அடுத்த மாசம் என்னையும்..." என்று கையை அசைத்தார். "இப்ப நானும் பார்ட்னர்தான்மா. ஆள் சேத்துக் குடுத்தா, ஆளுக்கு இவ்ளோன்னு."

பாய் தன் கதையைச் சொன்னார். மேனேஜர் அக்கறையாகக் கேட்டார். ஆனால் மேலே அவருக்கும் யாரையும் தெரியாது. அவருக்கும் ஒரு சாட்தான். அந்தச் சாட்டில் யார் வருவார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒண்ணு பண்ணலாம் பாய்," என்றார். "வீட்ல வேற யார் பேர்லயாவது நம்பர் இருக்குதா? புதுசா ஒரு ஐடி போட்டுடலாம். இங்கயே இப்பவே முடிச்சிடலாம்."

"பழைய ஐடில நான் செஞ்ச வேலையெல்லாம்?"

"அது வராது. புது ஆளாத்தான் காட்டும். டிரெய்னிங் வீடியோ பாக்கணும், ஸ்பேனர் எப்டி புடிக்கிறதுல இருந்து. சின்னதா ஒரு டெஸ்ட்டு."

பாய் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கோபமில்லை. நிஜமாகவே கணக்குப் போடுகிற முகம்.

"அப்ப இவ்ளோ நாளா வேலை செஞ்ச ஆளு யாரு சார்? அந்த ஆளு பிளாக்குல கீறாரு. நான் வெளிய கீறேன். அப்டியா?"

மேனேஜர் பேனரின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தார். ஒரு வேலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. புது ஐடி போட்டால் மேனேஜருக்கும் ஒரு ஆள் சேர்ந்த கணக்கு வரும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அதனால் அவர் வற்புறுத்தவும் இல்லை. பாய் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

யோசிக்க வேண்டி வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அவருடைய பழைய ஐடி தானாகத் திறந்துகொண்டது. ஒரு காரணமும் சொல்லவில்லை. 'மீண்டும் வருக பார்ட்னர்' என்று மட்டும் வந்ததாம். பாய் அன்று மாலையே ஒரு பெட்டி மைசூர்பாகோடு வீட்டு வாசலில் நின்றார்.

"நீ பண்ணதாமா?"

"இல்ல பாய். அதாவது, தெரியல. நான் ஒரு குறிப்பு எழுதினேன். அதை யாராவது படிச்சாங்களான்னு தெரியாது."

"அந்த சாரி அக்கா பொண்ணு பண்ணியிருப்பாளோ?"

"இருக்கலாம் பாய்."

"இல்ல, சாரு யாருக்காவது சொல்லியிருப்பாரு."

"அதுவும் இருக்கலாம்."

யாருக்கு நன்றி சொல்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மைசூர்பாகு பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில், "சரி, நீயே வெச்சிக்கோமா" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் சொல்ல முடியாது. எனக்கு வருகிற சாட்டுகள் பாதியாகக் குறைந்துவிட்டன. பாய் போட்ட ஒற்றை நட்சத்திரமா, நான் கையால் எழுதிய குறிப்பா, இல்லை எல்லாருக்குமே குறைந்ததா, யாரிடம் கேட்பது? கேட்க வேண்டுமானால் நானும் ஒரு சாட் திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை. எதிரில் என் பெயரே வந்து நிற்கும் என்று ஒரு பயம்.

இன்னொன்று, பழைய வாடிக்கையாளர்கள் என் செல்லுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஓரிக்கை அம்மாதான் முதல். ஆப்பில் பதிவு செய்யச் சொன்னேன். "அதுல எங்கமா வாடை வருதுன்னு சொல்றது? அந்த மாதிரி எடமே இல்லையே," என்றாள். பாயிடம் சொன்னேன். அவர் ஆப்பை ஆஃப் செய்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் இன்னொரு வீடு. அப்புறம் முசரவாக்கத்தில் ஒரு ஸ்கூல். மற்ற டெக்னீஷியன்களும் கேட்டார்கள். இப்போது மத்தியானத்துக்கு மேல் என் போன் ஓயாமல் அடிக்கிறது. எந்தத் தெரு என்று கேட்கிறேன், அந்தப் பக்கம் இருக்கிறவரை அனுப்புகிறேன், வந்தாரா என்று திரும்பக் கேட்கிறேன். அவர்களாகப் பார்த்து எனக்கு ஏதோ கொடுக்கிறார்கள். அதை வாங்கும்போது, நான் அவர்களுக்கு யார் என்று ஒரு கூச்சம் வருகிறது. முதலாளி இல்லை, ஸ்டாஃப் இல்லை. அந்த இன்னொரு சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் இன்னமும் சாட் வேலையும் செய்கிறேன். முழுசாக விடப் பயம். என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "காலைல ஆப்க்கு வெளிய போவாதீங்கன்னு சொல்ற. மத்தியானம் நீயே அனுப்புற. எதுதான் உன் வேலை?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கும் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

போன வாரம் ஒரு பெட்டி திறந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. எழுத்தைப் பார்த்தால் புதிதாகச் சேர்ந்தவர் போல இருந்தது.

"மேடம், ஒரு டவுட். கஸ்டமர் நேரா என் நம்பருக்குக் கூப்பிடுறாங்க. ஆப் வேணாம், நீயே வாப்பான்னு. போலாமா?"

அதற்கும் எழுதி வைத்த பதில் உண்டு. அழுத்தினேன். "அது நமது விதிமுறைகளுக்கு எதிரானது. உங்கள் கணக்கு முடக்கப்படலாம்."

கொஞ்சம் பொறுத்து அவர் எழுதினார். "ரூல்ஸ் தெரியும் மேடம். நீங்க என் எடத்துல இருந்தா இன்னா பண்ணுவீங்க? சும்மா ஒரு அக்காவா நெனச்சி சொல்லுங்க."

நான் பதில்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். மறுபடி கீழிருந்து மேலே. இதற்கு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. கையால் தட்ட ஆரம்பித்தேன், அழித்தேன், திரும்பத் தட்டினேன். அதற்குள் நேரம் முடிந்து பெட்டி தானாக மூடிக்கொண்டது. அவர் அந்த வீட்டுக்குப் போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.